கால் முளைத்த மிதவைகள்

பாகூர்க் கொம்யூனின் தென்கோடியில், தென்பெண்ணையாற்றின் கரையில், சோரியாங்குப்பம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அஃது என் ஊர். தைத் திங்களில் ஆற்றுத் திருவிழா நடைபெறும் நாளன்றிப் பிற நாள்களில் அதனை நாடி வருவோர் மிகச் சிலரே. கரும்பும் நெல்லும் விளையும் அவ்வூரிலிருந்து கடல் சில கல் தொலைவுதான். ஆயினும் எங்கள் ஊரார் கடலோடிகள் அல்லர். அவ்வூரிற் பிறந்து, முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாறும் புவியியலும் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவன், கடலில் நிற்கும் எண்ணெய்த் தளங்களைப் பற்றிப் பேச வந்தது எங்ஙனம் என்று மாணவச் செல்வர்கள் வியக்கலாம். அதற்குக் காரணம் ஓர் ஒற்றை ரூபாய்த் தாள்.

அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலிற் படகொன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் சிறுவனாக இருந்தபோது, கோடை விடுமுறையில் என் தாய்மாமன் என்னைக் கடலூர் முதுநகருக்கு அழைத்துச் செல்வதுண்டு. அக்காலத்தில் அங்கே பெரிய கப்பல்கள் கரையை அணுகுவதில்லை. ஒரு மைலுக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். தட்டையான அடியுடைய பெரும் படகுகள் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கப்பலுக்கும் கரைக்குமாகப் போய் வரும். ஒரு நாள், சுமையை இறக்கிவிட்டு மீண்டும் கடலுக்குச் செல்லவிருந்த படகொன்றில் ஆட்கள் மணல் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தனர். விலைக்குப் போகாத மணலை எதற்காகக் கப்பலுக்குக் கொண்டு போகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. மாமனைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. படகின் விளிம்பில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் சிரித்தார். “தம்பி, நெறஞ்ச படகு பொறுமையாப் போவும், வெறும் படகு கள்ளுக் குடிச்சவன் மாதிரி ஆடும்” என்றார்.

பின்னாளில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இயற்பியல் நூலில் ஈர்ப்பு மையம், மிதப்பு மையம் என்று நான் படித்தவற்றையெல்லாம் அம்முதியவர் ஒரே வாக்கியத்தில் அன்றே சொல்லிவிட்டார். மிதக்கும் பொருளின் கனம் தாழ இருந்தால் அது நிமிர்ந்து நிற்கும். கனம் மேலேறினால் கவிழப் பார்க்கும். ஆகவே சரக்கில்லாத கலத்தின் அடியில் ஏதேனும் ஒரு சுமையை வைக்கிறார்கள். இதனைக் கப்பற்காரர் பாலாஸ்ட் என்பர். நாம் அடிச்சுமை எனலாம். முற்காலத்தில் கல்லும் மணலும் அடிச்சுமையாயின. இரும்புக் கப்பல்கள் வந்த பின்னர் கடல்நீரே அதுவாயிற்று. கலத்தின் அடியிலும் விலாவிலும் தொட்டிகளை அமைத்து, வேண்டும்போது நீரை நிரப்பி, வேண்டாதபோது இறைத்துவிடலாம். மூட்டை சுமக்க ஆள் வேண்டா; குழாயும் அடைப்பானும் இறைப்பானும் போதும்.

ஆனால் இங்கொரு நுட்பத்தைக் கவனியுங்கள். மணல் மூட்டை வைத்த இடத்தில் இருக்கும், நீர் இராது. தொட்டி பாதி நிறைந்திருந்தால், கலம் எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கமே நீரும் ஓடிச் சேர்ந்து சாய்வை வளர்க்கும். தவறான தொட்டியின் அடைப்பான் திறந்தாலோ கேட்க வேண்டுவதில்லை. எனவே அடிச்சுமையாக நீரைக் கொண்ட நாள் முதல், அந்நீரை ஆள்கின்ற கருவியும் அக்கருவியை ஆள்கின்ற மனிதனும் கலத்தின் உயிர்நாடி ஆகிவிட்டனர்.

பார்ஜ் எனப்படும் தட்டைமிதவை கப்பல்களுள் தாழ்ந்த சாதியாகவே கருதப்பட்டு வந்தது. அதற்குக் கூரிய முகமில்லை, பெரும்பாலும் எந்திரமுமில்லை, பிறிதொரு கலம் இழுத்தாற் போகும், விட்டால் நிற்கும். நிலக்கரி, செங்கல், குப்பை முதலியவற்றைச் சுமப்பதே அதன் தொழில். இத்தகைய எளிய பொருள் இருபதாம் நூற்றாண்டில் கடலடி எண்ணெயைக் கொணரும் தளமாக உருமாறிய வரலாறு, போர்க்கப்பல்களின் வரலாற்றினும் சுவையுடையது என்பது என் எண்ணம். பாடநூல்களில் அதற்கு இடமில்லாமற் போனது ஏனோ!

அமெரிக்காவின் தென்பகுதியில் லூசியானா என்னும் மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரத்தைச் சூழ்ந்து பரந்த சதுப்பு நிலங்கள் உள்ளன. அவற்றின் அடியில் எண்ணெய் இருந்தது. ஆனால் தோண்டுவதற்கு முன் சேற்றில் மரத்தூண்களை அறைந்து மேடை கட்ட வேண்டும். எண்ணெய் கிடைக்காவிடின் அவ்வளவு பொருளும் வீண். லூயிஸ் ஜிலியாசோ என்ற கப்பற்றலைவர் ஒருவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. மிதவையொன்றைத் தோண்ட வேண்டிய இடத்திற்கு இழுத்துச் சென்று, அதில் நீரை நிரப்பி, வேண்டுமென்றே தரையில் அமர்த்திவிட்டால் அதுவே அடித்தளமாகும். வேலை முடிந்ததும் நீரை இறைத்துவிட்டால் எழுந்து மிதக்கும். அடுத்த இடத்திற்குப் போகலாம். இதற்கு அவர் காப்புரிமையும் பெற்றார்; ஆயினும் கேட்பாரில்லை. சில ஆண்டுகளுக்குப் பின்னர் டெக்சாஸ் கம்பெனியார் அதே எண்ணத்தோடு காப்புரிமைப் பதிவேட்டைப் புரட்டியபோது அவருடைய பெயரைக் கண்டனர். தேடிப் பிடித்தபோது அவர் பனாமாவில் மதுக்கடை நடத்திக்கொண்டிருந்தாராம்! 1933இல் சாதாரணச் சரக்கு மிதவைகள் இரண்டைப் பக்கம் பக்கமாகப் பிணைத்து, அவற்றின்மேல் மேடை கட்டி, ‘ஜிலியாசோ’ என்று அவர் பெயரையே சூட்டி, லூசியானாவின் பெல்ட்டோ ஏரியில் அமிழ்த்தினார்கள். மிதவையை மாற்றியமைத்து எண்ணெய்த் தளமாக்கும் தொழில் அங்கே தொடங்கிற்று. அடிச்சுமை கலத்தைக் காப்பதற்கு மட்டுமன்றி, கலத்தைத் தரையிற் பதிப்பதற்கும் பயன்பட்டது அப்போதுதான்.

ஏரியில் நடந்தது கடலில் நடக்குமா? ஆழம் கூடக்கூட அமிழ்த்த முடியாது. 1949இல் ஜான் ஹேவர்டு என்பவர் மிதவையின்மீது உயரமான தூண்களை நிறுத்தி, தூண்களின்மேல் மேடையை அமைத்தார். மிதவை கடலடியில் அமர, மேடை மட்டும் அலைக்கு மேலே நின்றது. அதுவும் 20 அடி ஆழத்திற்கே ஏற்றது. அடுத்த பத்தாண்டில் வேறொரு முறை தோன்றியது. மிதவையின் விளிம்பில் துளைகளை அமைத்து, அவற்றின் வழியே நெடிய எஃகுக் கால்களைக் கீழே இறக்கிக் கடலடியில் ஊன்றி, பிறகு அக்கால்களைப் பற்றிக்கொண்டு மிதவையே மேலேறிக்கொள்ளும் முறை அது. தென்னை ஏறுபவன் தளைநாரையும் கையையும் மாற்றி மாற்றி வைத்து ஏறுகிறான் அல்லவா? எந்திரக் கவ்விகளும் அவ்வாறே கால்களைப் பற்றி, விட்டு, மீண்டும் பற்றி மிதவையைத் தூக்கும்.

இம்முறையிலும் அடிச்சுமைக்கு ஓர் அரிய வேலை உண்டு. கால்கள் தரையைத் தொட்டவுடன் மிதவையை உயரே தூக்கிவிடுவதில்லை. கடலடி மண் எங்கே கெட்டி, எங்கே சேறு என்பதை யார் அறிவார்? ஆகவே மிதவை சிறிதே மேலெழுந்தவுடன் அதன் தொட்டிகளிற் கடல்நீரை நிரப்புகின்றனர். புயற்காலத்தில் எவ்வளவு பாரம் கால்களின்மீது வரக்கூடுமோ அவ்வளவு பாரத்தை அமைதியான நாளிலேயே ஏற்றிப் பல மணி நேரம் காத்திருக்கின்றனர். கால் மேலும் புதையவில்லை என்று உறுதியான பின்னரே நீரைக் கொட்டிவிட்டு, அலை எட்டாத உயரத்திற்கு மேடையை உயர்த்துகின்றனர். புதிதாகக் கட்டிய பரண்மேல் நெல் மூட்டையை ஏற்றுமுன் நம் உழவர் தாமே ஏறிக் குதித்துப் பார்ப்பது போன்றதே இது.

இனி ஒரு துயரக் கதை. 1964இல் பிரித்தானிய நாட்டார் வடகடலில் எரிவாயு தேட விரும்பினர். அவர்களிடம் ஏற்ற தளம் இல்லை. பிரித்தானிய பெட்ரோலியம் என்னும் நிறுவனம், அமெரிக்காவிற் கட்டப்பட்ட 5,600 டன் எஃகு மிதவையொன்றைப் பெற்று, அதற்குப் பத்துக் கால்களைப் பொருத்தி, மேலே தோண்டும் கோபுரமும் ஹெலிகாப்டர் இறங்கும் தட்டும் அமைத்தது. ‘சீ ஜெம்’, அதாவது கடல்மணி என்று அதற்குப் பெயர். 1965 செப்டம்பரில் அந்த மிதவையே பிரித்தானியக் கடலின் முதல் எரிவாயுவைக் கண்டுபிடித்தது. நாடே கொண்டாடியது.

நூறு நாள்களுக்குச் சற்றே மேல். அதே ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள், கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு இரண்டாம் நாள். வேறிடத்திற்குச் செல்வதற்காக மேடையைக் கீழிறக்கத் தொடங்கினர். திடீரென்று கால்கள் மடிந்தன. மேடை சாய்ந்து கவிழ்ந்தது. வானொலி அறை முதலிலேயே கடலில் விழுந்துவிட்டமையால் உதவி கோரிச் செய்தி அனுப்பவும் இயலவில்லை. தற்செயலாக அவ்வழியே வந்த ‘பால்ட்ரோவர்’ என்னும் கப்பலிலிருந்தோர் கண்ணாற் கண்டு விரைந்தனர். அவர்கள் வாராதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. இருந்தவர் 32 பேர். மாண்டவர் 13 பேர்.

காரணம் யாது? மேடையைக் கவ்விகளோடு பிணைத்திருந்த எஃகுப் பட்டைகள் முறிந்தமையே. எஃகு எப்போதும் ஒரே தன்மையுடையதன்று. கடுங்குளிரில் சிலவகை எஃகு வளையாமற் பளிங்குபோல் நொறுங்கும். பட்டையை வெட்டிய இடத்தில் கூரிய மூலையோ சிறு கீறலோ இருந்தால் விசை முழுவதும் அங்கே குவியும். விசாரணைக் குழுவினர் இவற்றையெல்லாம் நுணுகி ஆராய்ந்தனர். விளைவாகத் தளத்தருகே எந்நேரமும் காவற்படகு நிற்க வேண்டும், தளத்திலிருப்போர் அனைவருக்கும் பொறுப்பான ஒரே தலைவர் இருக்க வேண்டும் என்னும் கொள்கைகள் வேரூன்றின. 1971இல் பிரித்தானிய நாடாளுமன்றம் கடல் தளங்களுக்கெனத் தனிச் சட்டமும் இயற்றியது. பழைய பொருளைப் புதிய தொழிலுக்கு மாற்றும்போது மேலே என்ன கட்டுகிறோம் என்பதையே எல்லாரும் பார்க்கின்றனர். உள்ளே கிடக்கும் பழைய உறுப்பு, தனக்கு விதிக்கப்படாத பாரத்தைத் தாங்குமா என்பதைப் பார்ப்போர் சிலரே.

இவ்விடத்தில் நம் நாட்டுக்கு வருவோம்.

1956இல் எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையம் தோன்றிற்று. கேசவ தேவ மாளவியா அவர்களின் ஊக்கத்தால் அங்கலேசுவரம் முதலிய இடங்களில் எண்ணெய் கிடைத்தது. சோவியத் நாட்டு ஆய்வுக் கப்பலொன்று 1960களின் இடையில் காம்பே வளைகுடாவையும் மேலைக் கடலையும் அளந்தபோது, பம்பாய்க்கு மேற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் கடலடியிற் பெரிய புடைப்பொன்று இருப்பது தெரியவந்தது. ஆனால் அங்கே ஆழம் 75 மீட்டர் அளவு. 1970இல் அலியாபெட் என்னுமிடத்தில் கரையோர ஆழமற்ற நீரில் மேடை கட்டித் தோண்டிப் பார்த்த அனுபவம் மட்டுமே நமக்கிருந்தது. நடுக்கடலுக்கு அது போதாது. எனவே ஜப்பானில், ஹிரோஷிமா நகரத்து மிட்சுபிஷி கப்பற்றளத்தில், கால்களை உயர்த்தித் தாழ்த்தும் தோண்டு தளம் ஒன்றை நம்மவர் கட்டுவித்தனர். 1973இல் அது முடிந்தது. ‘சாகர் சாம்ராட்’, கடற்பேரரசன், என்பது அதற்கிட்ட பெயர்.

அந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 1973 அக்டோபரில் மேற்கு ஆசியாவிற் போர் மூண்டது. சில திங்களுக்குள் பெட்ரோலிய விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. எங்கள் ஊரில் மண்ணெண்ணெய்க்கு மக்கள் வரிசையில் நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சிம்னி விளக்கின் திரியைத் தாழ்த்தியே என் தாயார் என்னைப் படிக்கச் சொல்வார். அத்தகைய வேளையில், 1974 ஜனவரி இறுதியில் சாகர் சாம்ராட் மேலைக் கடலில் தன் முதற் கிணற்றைத் தோண்டத் தொடங்கி, பிப்ரவரியில் எண்ணெயைக் கண்டது. எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து வானொலிப் பெட்டியில் அச்செய்தியைக் கேட்டவர்களுள் நானும் ஒருவன். கேட்டவர்களுள் ஒரு பெரியவர், “இனிமே வரிசை கெடையாது” என்று துண்டை உதறித் தோளிற் போட்டுக்கொண்டு எழுந்து போனார். வரிசை உடனே நின்றுவிடவில்லை. கண்ட எண்ணெய் கரைக்கு வரவே 1976 மே திங்கள் ஆயிற்று. எனினும் பின்னர் அவ்வயல் பெருகி, 1980களின் இறுதியில் நாளொன்றுக்கு 4 லட்சம் பீப்பாய்க்கு மேல் தந்தது. நம் நாட்டில் விளைந்த எண்ணெயிற் பெரும்பகுதி அதுவே.

இப்போது ரூபாய்த் தாளைப் பற்றிச் சொல்லலாம். 1980களில் வெளிவந்த ஒரு ரூபாய்த் தாளின் பின்புறத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதில் கடல்மேல் நிற்கும் எண்ணெய்த் தளமொன்றின் படம் இருக்கும். அது சாகர் சாம்ராட்டே. 2015இல் மீண்டும் ஒரு ரூபாய்த் தாள் அச்சிடப்பட்டபோதும் அப்படம் மாறவில்லை. நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில், ஆறாம் வகுப்பிற் கனிவளம் பற்றிய பாடத்தின்போது அத்தாளைப் பிள்ளைகளிடம் காட்டினேன். ஒரு சிறுமி எழுந்து, “ஐயா, இது கப்பலா, கட்டடமா?” என்று கேட்டாள். நான் சற்றும் தயங்காமல் “கட்டடம்” என்றேன். “அப்போ எப்படி ஜப்பானிலேயிருந்து வந்துது?” என்றாள். வகுப்பு முழுதும் சிரித்தது. மறுநாள் சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். அந்த மறுநாள் வந்ததாக எனக்கு நினைவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவு எனக்கு நாற்பது வயதுக்குப் பிறகே வந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

சாகர் சாம்ராட் 32 ஆண்டுகள் உழைத்து ஏறத்தாழ 125 கிணறுகளைத் தோண்டியது. வயது முதிர்ந்தது. அதனை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிடலாம். பல தளங்களின் முடிவு அதுவே. நம்மவர் வேறு வழியைத் தேர்ந்தனர். தோண்டும் தளத்தை எண்ணெய் எடுக்கும் தளமாக மாற்றுவதென்று முடிவு செய்து 2011இல் ஒப்பந்தம் வழங்கினர். வளைகுடாப் பகுதியில், ஐக்கிய அரபு எமிரேட்டுக் கரையில் வேலை தொடங்கிற்று.

தோண்டுவதும் எடுப்பதும் ஒன்றுதானே என்று எண்ணற்க. கிணறு வெட்டுகிறவனும் நீர் இறைத்துப் பாய்ச்சுகிறவனும் ஒருவனா? தோண்டும் தளம் நாடோடி. இரண்டு மூன்று திங்கள் ஓரிடத்தில் நிற்கும். கிணறு முடிந்ததும் காலைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடம் போகும். பெரும்புயல் வருமென்றால் முன்கூட்டியே வேலையை நிறுத்தலாம். பழுது நேர்ந்தால் துறைமுகத்திற்குத் திரும்பலாம். எடுக்கும் தளமோ குடியானவன். நட்ட இடத்திலேயே பல்லாண்டு நிற்க வேண்டும். ஒவ்வோராண்டின் பருவக்காற்றும் அதன் கால்களை மோதும். ஒரு முறை வளைத்தால் முறியாத கம்பி, நூறு முறை முன்னும் பின்னும் வளைத்தால் முறிகிறதன்றோ? எஃகுக் கால்களுக்கும் அதே விதி. அன்றியும், கிணற்றிலிருந்து வருவது வெறும் எண்ணெயன்று. எண்ணெய், வாயு, உப்பு நீர் மூன்றும் கலந்தே வரும். அவற்றைப் பிரிக்கும் கலங்கள், வாயுவை அழுத்திக் கரைக்கு அனுப்பும் எந்திரங்கள், தீயணைக்கும் அமைப்புகள், நூற்றுக்கணக்கானோர் தங்கும் அறைகள் இவையெல்லாம் ஏற வேண்டும். தோண்டும் கோபுரமும் அதன் துணைக் கருவிகளும் இறங்க வேண்டும்.

ஒன்று இறங்கி மற்றொன்று ஏறும்போது எடை மட்டுமா மாறுகிறது? எடையின் இடமும் மாறுகிறது. ஆகவே இத்தகைய மாற்றத்தில் பொறியாளர்கள் முதலிற் செய்வது கணக்கு. ஒவ்வொரு கருவியும் எங்கே, எத்துணை உயரத்தில் இருக்கும் என்று பட்டியலிட்டு, ஈர்ப்பு மையம் எங்கே விழுகிறதெனக் காண்பர். இழுத்துச் செல்லும்போது மிதவை நிமிர்ந்திருக்க எந்தத் தொட்டியில் எவ்வளவு நீர் வேண்டும், ஊன்றும்போது காலை அழுத்த எவ்வளவு நீர் வேண்டும் என்னும் கணக்குகள் புதிதாகப் பிறக்கும். பழைய குழாய்கள் உப்பரித்திருக்கும், அடைப்பான்கள் இறுகியிருக்கும், அவற்றை மாற்றியாக வேண்டும்.

கட்டுப்பாட்டுக் கருவிகளின் கதை இன்னும் முதன்மையானது. அதை விளக்க, சாகர் சாம்ராட் பிறந்த அதே ஹிரோஷிமாக் கப்பற்றளத்தில் மூன்றாண்டு பின்னர்ப் பிறந்த மற்றொரு தளத்தின் கதையைச் சொல்ல வேண்டும். 1976இற் கட்டப்பட்ட அதன் பெயர் ‘ஓஷன் ரேஞ்சர்’. அதற்கு ஊன்றுகால் இல்லை. நீருக்கடியில் இரண்டு பெரிய மிதவைகள், அவற்றின்மேல் தூண்கள், தூண்களின்மேல் மேடை என்று அமைந்து, அடிச்சுமை நீராற் பாதி அமிழ்ந்து மிதப்பது. அக்காலத்தில் அதனினும் பெரிய தளங்கள் அரிது. அதன் தூண் ஒன்றினுள்ளே, கடல் மட்டத்திற்குச் சற்றே மேலே, அடிச்சுமையை ஆளும் அறை இருந்தது. அவ்வறைக்கு வட்டமான கண்ணாடிச் சாளரங்கள் உண்டு.

1982 பிப்ரவரி 14ஆம் நாள் இரவு, கனடா நாட்டு நியூஃபவுண்ட்லாந்துக்குக் கிழக்கே கடும்புயல். அலையொன்று ஒரு சாளரத்தை உடைத்தது. உள்ளே புகுந்த கடல்நீர், அடைப்பான்களை இயக்கும் மின்பலகையை நனைத்தது. நனைந்த பலகை பித்துப் பிடித்ததுபோல் நடந்தது. மின்சாரம் பழுதானால் அடைப்பான்களைக் கையால் இயக்குவதற்குப் பித்தளைக் கம்பிகள் இருந்தன. அவற்றை எவ்வாறு பயன்படுத்துவது என்று அங்கிருந்தோர் முறையாகக் கற்பிக்கப்படவில்லை. தளம் முன்பக்கம் சாய்ந்தது. சாய்ந்த பக்கத்துத் தூண்களில் நங்கூரச் சங்கிலி வைக்கும் அறைகளின் திறப்பு வழியே கடல் உள்ளே இறங்கியது. 15ஆம் நாள் வைகறைக்குள் எல்லாம் முடிந்தது. இருந்த 84 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

ஒரு சிறு கண்ணாடி! மாணவர்களே, நான் இதை முதன்முதற் படித்தபோது நூலை மூடிவைத்துவிட்டுத் திண்ணையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி உடைந்தமை மட்டும் தளத்தைக் கவிழ்த்திராது என்பதே கனடா அரசின் விசாரணை ஆணையம் கண்ட முடிவின் சாரம். சாளரத்தின் உள்மூடி உரிய நேரத்தில் மூடப்பட்டிருந்தால், அல்லது நனைந்த பலகையை அப்படியே விட்டுவைத்திருந்தால், அல்லது அங்கிருந்த இளைஞர்களுக்கு ஒரு வாரம் ஒழுங்கான பயிற்சி அளித்திருந்தால் அவர்கள் வீடு திரும்பியிருக்கக் கூடும். ஆசிரியத் தொழில் புரிந்த எனக்கு, கடைசியாகச் சொன்னதே நெஞ்சிற் குத்துகிறது.

அதற்குப் பின்னர்க் கட்டப்பட்டனவும் மாற்றப்பட்டனவுமான தளங்களில் கட்டுப்பாட்டு முறை பெரிதும் மாறிற்று. மின்சாரம் அற்றுப்போனால் அடைப்பான்கள் தாமே மூடிக்கொள்ளும், திறந்து கிடப்பதில்லை. தொட்டியிலுள்ள நீரின் அளவையும் மேடையின் சாய்வையும் அறிவிக்கும் உணரிகள் இரட்டையாகவும் மும்மையாகவும் வைக்கப்படுகின்றன; ஒன்று பொய் சொன்னாலும் மற்றவை காட்டிக்கொடுக்கும். எரிவாயு கசிந்தாலோ தீ எழுந்தாலோ கிணற்றுவாயை நொடிப்பொழுதில் அடைத்துவிடும் தனியமைப்பு ஒன்று, மற்றக் கருவிகளைச் சாராமல் இயங்குகிறது. முன்பு ஒருவர் தளத்தைச் சுற்றி நடந்து, அளவிகளைப் பார்த்துச் சிட்டையில் எழுதிய செய்திகளெல்லாம் இன்று ஓர் அறையிலுள்ள கணினித் திரைகளில் தெரிகின்றன. 1973இற் பிறந்த உடம்புக்கு இத்தகைய புதிய நரம்புகளைப் பொருத்துவது எளிதன்று. புதுவையிற் பிரெஞ்சுக்காரர் காலத்து வீட்டிற்கு மின்கம்பி இழுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சுவரைத் தொட்டால் எது உதிரும் என்று யாருக்கும் தெரியாது என்பார்கள்.

சாகர் சாம்ராட்டின் மாற்றமும் எளிதாக முடியவில்லை. 2011இல் ஒப்பந்தம் வழங்கப்பட்ட வேலை, 2022 டிசம்பர் 23ஆம் நாள்தான் பயனுக்கு வந்தது. பதினோராண்டு! அந்தத் தளம் புதிதாகப் பிறந்து, கடல் கடந்து வந்து, எண்ணெய் கண்டு, அவ்வெண்ணெய் கரைக்கு வர ஆன காலத்தினும் இது நெடிது. பழையதைத் திருத்துவது புதியதைக் கட்டுவதினும் மலிவு என்னும் எண்ணம் எப்போதும் சரியாவதில்லை. எனினும் வீண் எனவும் நான் சொல்லேன். மும்பைக்கு மேற்கே 140 கிலோமீட்டருக்கு அப்பால், 76 மீட்டர் ஆழத்தில் அது இப்போது எடுக்கும் தளமாக ஊன்றப்பட்டது. நாளொன்றுக்கு 20,000 பீப்பாய் எண்ணெயைக் கையாளவும், 23 லட்சத்து 60 ஆயிரம் கன மீட்டர் வரை வாயுவை அனுப்பவும் வல்லதாக அது மாற்றப்பட்டுள்ளது. சிறு வயல்களுக்கு நிலையான மேடை கட்டினாற் கட்டுப்படியாகாது. வயல் வற்றியதும் அம்மேடை பயனற்று நிற்கும். கால் முளைத்த மிதவையாயின் காலைத் தூக்கிக்கொண்டு வேறு வயலுக்குப் போகலாம். இதுவே இத்தகைய மாற்றத்தின் பொருளாதாரம்.

இந்தப் பதினோராண்டின் இடையில், 2021 மே திங்களில், அதே மேலைக் கடலில் நிகழ்ந்ததையும் மறைத்தலாகாது. டவ்தே என்னும் புயல் வந்தபோது, கடல் தளங்களில் வேலை செய்வோர் தங்குவதற்கான பி-305 என்னும் மிதவை நங்கூரம் இழந்து அலைந்தது. அதற்குக் காலில்லை, தன்னைச் செலுத்திக்கொள்ளும் எந்திரமும் இல்லை. அதில் 261 பேர் இருந்தனர். மே 17ஆம் நாள் அது மூழ்கியது. ‘கொச்சி’ முதலிய நம் கடற்படைக் கப்பல்கள் மலைபோன்ற அலைகளினிடையே பெரும்பாலோரை மீட்டன. எனினும் எழுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பல மாநிலங்களிலிருந்து கூலிக்குச் சென்ற வெல்டர்களும் சமையற்காரர்களும் அவர்களுள் இருந்தனர். எண்ணெய் என்றால் நாம் விலையைப் பற்றி மட்டுமே பேசுகிறோம்.

நம் கரையிலும் இத்தகைய தளம் இருந்தது என்றால் வியப்பீர்கள். காவிரிப் படுகையின் கடலடி வயல்களுக்கு இட்ட பெயர்களிற் புதுவையின் பெயரே ஆங்கில எழுத்துகளாய் ஒளிந்திருக்கிறது, பி.ஒய்-1, பி.ஒய்-3 என்பவற்றில் முதலிரண்டு எழுத்துகளைப் பாருங்கள். புதுவைக்குத் தெற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பி.ஒய்-3 வயலில், 1997 முதல் ‘தாஹரா’ என்னும் மிதக்கும் தளம் எண்ணெய் எடுத்தது. எடுத்த எண்ணெயைச் சேர்த்துவைக்க 65,000 டன் கொள்ளும் ‘எண்டெவர்’ என்னும் எண்ணெய்க் கப்பல் பக்கத்தில் நின்றது. ஊர்களுக்கிடையே சாலை போட்டாற்போல் கடலடியிற் குழாய் போடாமல், ஒரு கலம் எடுக்க, மற்றொரு கலம் சேமிக்க, மூன்றாவது கலம் வந்து ஏற்றிச்செல்லும் ஏற்பாடு அது. கடலூர் முதுநகரில் நான் கண்ட படகுக்கும் கப்பலுக்கும் இடையிலான பழைய உறவே மீண்டும் வந்தது எனலாம். 2011இல் அவ்வயலின் உற்பத்தி நின்றது.

சென்ற ஆண்டு எங்கள் ஊர் ஆற்றுத் திருவிழாவில் ஓர் அம்மையார் என்னை வணங்கி, “என்னைத் தெரியுதா ஐயா?” என்றார். எனக்குத் தெரியவில்லை. கூட வந்திருந்த பேரனிடம், “இந்த ஐயாகிட்டதான் ரூபா நோட்டுல இருக்கிறது கப்பலான்னு கேட்டேன், இன்னும் பதில் வரலே” என்று சொல்லிச் சிரித்தார். மணலிலேயே மூவரும் உட்கார்ந்தோம். ஒரு குச்சியால் மிதவையையும் கால்களையும் தொட்டிகளையும் வரைந்து காட்டத் தொடங்கினேன். நீரை எங்கே நிரப்புவார்கள் என்று பையன் கேட்டான்.